நாலு கிளிக்குக்கு ஒரு மக்னிடியூட்

கலியாண வீட்டில் எனக்குப் பிடித்த படம் தாலி கட்டும் படம் இல்லை. அந்த நேரத்தில் கூட்டம் முன்னுக்கு வந்து மறைக்கும், ஐயர் கையை நீட்டுவார், யாரோ ஒரு சித்தப்பாவின் போன் குறுக்கே வரும். எனக்குப் பிடித்தது அம்மி மிதித்த பிறகு அருந்ததி பார்க்கும் படம். திருகோணமலையில் நான் எடுக்கும் கலியாணங்களில் அனேகமானவை பகல் முகூர்த்தம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் மண்டப வாசலுக்கு வந்து நிற்பார்கள். ஐயர் வடக்கே கை காட்டுவார். பதினொரு மணி வெயிலில் இரண்டு பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒன்றுமே இல்லாத வானத்தைப் பார்ப்பார்கள். "தெரியுதா?" என்று கேட்டால் "ஓம், தெரியுது" என்பார்கள். அந்த முகங்களை எடுத்தால் படம் தப்பவே தப்பாது. அந்த நேரத்தில் அருந்ததி அந்தப் பக்கம் இருக்கிறதா, அடிவானத்துக்குக் கீழே போய்விட்டதா என்பது வேறு கதை.

இருட்டில் பார்க்க வேண்டுமானால் சித்திரை, வைகாசி மாதங்கள் நல்லது. உப்புவெளிக் கடற்கரையில் நின்று வடக்கே திரும்பினால் சப்தரிஷி மண்டலம் பாதி வானம் ஏறி நிற்கும். அதன் வாலில் உள்ள மூன்றில் நடுவில் இருப்பது வசிட்டர். அவரை ஒட்டிக்கொண்டு மங்கலாகத் தெரிவது அருந்ததி. நட்சத்திரப் பட்டியலில் வசிட்டருக்கு 2.0 என்றும் அருந்ததிக்கு 4.0 என்றும் மக்னிடியூட், அதாவது எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதற்கான எண், போட்டிருக்கும்.

உயர்தரம் படிக்கும் என் அக்காவின் மகள் ஒருநாள் ஸ்டூடியோவில் இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "மாமா, மங்கினதுக்கு எப்பிடிக் கூடின நம்பர்? இதென்ன தலைகீழாக் கிடக்கு, சிரியசுக்கு மைனசும் போட்டிருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் பொறுத்து, "ரெண்டுக்கும் நாலுக்கும் எண்டா வெளிச்சம் ரெண்டு மடங்கு வித்தியாசமா?" என்றும் கேட்டாள். இல்லை, ஆறு மடங்கு. ஏன் என்று அவளுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கணக்கில் நான் பெரிய ஆள் இல்லை. ஆனால் வெளிச்சம் விற்றுத்தான் இத்தனை வருடமும் சாப்பிடுகிறேன்.

இந்த எண்கள் தொடக்கத்தில் அளவுகளே இல்லை, வெறும் வரிசை. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கரான ஹிப்பார்க்கஸ் ஒரு நட்சத்திரப் பட்டியல் செய்தார். சுமார் முந்நூறு வருடம் கழித்து அலெக்சாந்திரியாவில் தொலமி எழுதிவைத்த பட்டியலில் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட நட்சத்திரங்கள் ஆறு தரமாகப் பிரிந்து கிடக்கின்றன. மிகப் பிரகாசமானவை முதலாம் தரம், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருப்பவை ஆறாம் தரம். பரீட்சையில் முதலாவது வந்த பிள்ளைக்குத்தான் சின்ன எண், அதே போலத்தான் இதுவும். கருவி ஒன்றும் இல்லை. இதைவிட அது வெளிச்சம், அதைவிட மற்றது வெளிச்சம் என்று கண்ணால் ஒப்பிட்டது மட்டுமே. 10ஆம் நூற்றாண்டில் பாரசீகத்து அல்-சூஃபி, தொலமியின் தரங்களை அப்படியே படி எடுக்காமல் ஒவ்வொன்றையும் தானே பார்த்துத் திருத்தினார். கலிலியோ தொலைகாட்டியைத் திருப்பியதும் ஆறுக்குக் கீழே ஏழாம் தரம் வந்தது. அதன் பிறகு அந்த வரிசைக்கு முடிவில்லை.

19ஆம் நூற்றாண்டில்தான் வரிசையை அளவாக்கும் வேலை நடந்தது. முதலாம் தரத்துக்கும் ஆறாம் தரத்துக்கும் இடையில் ஏறத்தாழ 100 மடங்கு வெளிச்ச வித்தியாசம் இருப்பதைப் பலரும் கவனித்திருந்தார்கள். ஒக்ஸ்போர்டில் இருந்த ராட்கிளிஃப் வான் ஆய்வகத்தில் உதவியாளராக வேலை செய்த நோர்மன் பொக்சன், 1856இல், அந்த 'ஏறத்தாழ'வைத் தூக்கிவிட்டு, ஐந்து படி என்றால் சரியாக 100 மடங்கு என்று வைத்துக்கொள்வோம் என்றார். அப்படியானால் ஒரு படி எவ்வளவு? ஐந்து முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் 100 வரவேண்டிய எண், அதாவது 2.512. இன்றுவரை உலகம் முழுக்க இந்த எண்தான் ஓடுகிறது.

இந்தப் பொக்சன் பிறகு எங்கே போனார் தெரியுமா? மதராசுக்கு. 1861இல் வந்து நுங்கம்பாக்கத்தில் இருந்த வான் ஆய்வகத்தின் பொறுப்பை எடுத்தவர், 1891இல் இறக்கும்வரை முப்பது வருடம் அங்கேயே இருந்தார். வந்த வருடமே அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு 'ஆசியா' என்று பெயர் வைத்தார். அதற்கு முன் ஒக்ஸ்போர்டில், மேலே சொன்ன அதே 1856இல், கண்டுபிடித்த சிறுகோளுக்கு ஐசிஸ் என்று பெயர். அது அவருடைய மகளின் பெயர். அந்த மகளும் பின்னாளில் மதராஸ் ஆய்வகத்தில் உதவியாளராக வேலை பார்த்தார். அங்கே பொக்சனுக்குக் கீழே இருந்தவர்களில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்று ஒருவர். 1867இல் தென்வானத்தில் ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர் அவர். ஆர் ரெட்டிகுலி என்பது அதன் பட்டியல் பெயர். ஒரு நட்சத்திரம் மாறுகிறது என்று சொல்வதற்கு அதைத் திரும்பத் திரும்பப் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுக் குறித்து வைக்கவேண்டும். நுங்கம்பாக்கத்துப் புழுக்கத்தில் இரவிரவாக அதைச் செய்திருக்கிறார் மனிதர். ஆய்வகத்தின் கட்டடம் இன்று இல்லை. 1792இல் அங்கே கருவி பொருத்துவதற்காக நட்ட கருங்கல் தூண் மட்டும் வானிலை மையத்து வளாகத்தில் நிற்கிறது, அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். நான் சென்னைக்குப் போவதெல்லாம் ரிச்சி தெருவில் கமரா சாமான் பார்க்க. அடுத்த முறை போனால் நுங்கம்பாக்கத்தில் ஒருதரம் விசாரிக்கவேண்டும்.

சரி, ஏன் கூட்டல் இல்லாமல் பெருக்கல்? ஒரு தரத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் சமமான அளவு வெளிச்சத்தைக் கழித்துக்கொண்டே போயிருக்கலாமே?

இதற்கு எனக்குப் பதில் தெரிந்தது டார்க் ரூமில். ஸ்டூடியோவின் பின்னறை இப்போது பழைய ஆல்பமும் உடைந்த குடை லைட்டும் கிடக்கும் இடம். பில்ம் காலத்தில் அங்கேதான் தொழில் பழகினேன். சிவப்பு பல்ப், என்லாஜர், மூன்று தட்டு, ஹைப்போ மணம். ஒரு படம் அடிப்பதற்கு முன் தாளில் ஒரு சிறு கீலம் வெட்டி, முதல் கட்டத்துக்கு 2 செக்கன், அடுத்ததற்கு 4, பிறகு 8, 16 என்று வெளிச்சம் காட்டிக் கழுவிப் பார்ப்போம். எது சரியான கறுப்பு என்று அதில் தெரிந்துவிடும். ஏன் 2, 4, 6, 8 என்று போகக்கூடாது என்று தொழில் சொல்லித் தந்த அண்ணையிடம் கேட்டேன். "செய்து பாரன்" என்றார். செய்தால், முதல் இரண்டு கட்டத்துக்கும் நடுவில் நல்ல வித்தியாசம் தெரிந்தது, கடைசி இரண்டையும் பிரித்தறியவே முடியவில்லை. இரட்டித்துக்கொண்டு போனால்தான் சமமான படி மாதிரித் தெரியும். கண்ணும் இதே சாதிதான். எவ்வளவு கூடியது என்று அதற்குத் தெரியாது, எத்தனை மடங்கு கூடியது என்றுதான் தெரியும். ஹிப்பார்க்கஸும் தொலமியும் சம இடைவெளி என்று நினைத்துப் பிரித்த ஆறு தரமும் தானாகவே பெருக்கல் வரிசையாக விழுந்ததற்குக் காரணம் அதுதான்.

கமரா வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நாங்கள் 'ஒரு ஸ்டொப்' என்பது இரண்டு மடங்கு வெளிச்சம். இப்போதுள்ள கமராக்களில் டயலை ஒரு கிளிக் சுற்றினால் ஸ்டொப்பில் மூன்றில் ஒரு பங்கு. மூன்று கிளிக் இரண்டு மடங்கு. நாலு கிளிக் சுற்றினால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2.52. பொக்சனின் 2.512க்கு அவ்வளவு கிட்ட. ஆக, நாலு கிளிக்குக்கு ஒரு மக்னிடியூட். வசிட்டருக்கும் அருந்ததிக்கும் எட்டு கிளிக். இரவு வானத்தில் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் −1.46, துருவ நட்சத்திரம் 2.0, இடையில் பதினாலு கிளிக், கிட்டத்தட்ட 24 மடங்கு. மைனஸ் வந்ததற்கும் பெரிய மர்மம் இல்லை. அளவுகோலை இறுக்கிப் பிடித்து, வேகா என்ற நட்சத்திரத்தைப் பூச்சியத்துக்குக் கிட்ட வைத்ததும், அதைவிடப் பிரகாசமானவை பூச்சியத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. வெள்ளி −4ஐயும் தாண்டும், முழு நிலவு −12.7, சூரியன் −26.7. நிலவுக்கும் சூரியனுக்கும் 14 மக்னிடியூட், அதாவது நாலு லட்சம் மடங்கு. இதை நம்பாதவர்கள் பௌர்ணமி இரவில் மனிதரை நிற்கவைத்து ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். புத்தகத்தில் உள்ள எண்ணை எடுத்துக்கொண்டு திருகோணமலை வானத்தில் தேடினால் சில நட்சத்திரங்கள் சொன்ன சொல் கேட்காது. அதில் முதல் ஆள் துருவ நட்சத்திரம். நாங்கள் இருப்பது வடக்கு அகலக்கோடு எட்டரைப் பாகையில். அதனால் அது அடிவானத்திலிருந்து வெறும் எட்டரைப் பாகை உயரத்தில், நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் வெளிச்சத்துக்கு மேலே தொங்கும். வெளிச்சத்தை விடுங்கள், காற்றே அதைத் தின்றுவிடும். உச்சியில் உள்ள நட்சத்திரத்தின் ஒளி ஒரு காற்றுத் தடிப்பைக் கடந்து வருகிறது என்றால், எட்டரைப் பாகையில் உள்ளது சாய்வாக ஆறு தடிப்புக்கு மேல் கடந்து வரவேண்டும். துப்புரவான கடலோரக் காற்றுக்கு ஒரு தடிப்புக்குக் கால் மக்னிடியூட் என்று வைத்தாலும், உச்சியில் உள்ள அதே தர நட்சத்திரத்தைவிட ஒன்றே கால் மக்னிடியூட்டுக்கு மேல் மங்கிப் போகும். மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்கூட மிஞ்சாது. துருவ நட்சத்திரம்தான் வானத்திலேயே பிரகாசமானது என்று நினைத்துக்கொண்டு தேடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். பாவம், அது இங்கே கண்டுபிடிப்பதற்கே கஷ்டமான நட்சத்திரம்.

தெற்கே இதற்கு எதிர்மாறான சங்கதி. பெப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணிக்குக் கிட்ட சிரியஸ் நல்ல உயரத்தில் நிற்கும். அதற்குக் கீழே தெற்கில், கொட்டியாரக் குடாவுக்கு மேலே, மூதூர்ப் பக்கமாக அகத்தியர் நட்சத்திரம் நிற்கும். ஐரோப்பாவில் இருப்பவர்களில் பலருக்கு வாழ்நாளில் பார்க்கக் கிடைக்காதது அது. சிரியஸுக்கு அடுத்தபடியாக இரவு வானத்தில் மிகப் பிரகாசமான நட்சத்திரம் அதுதான், −0.7. இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம் மூன்று கிளிக் அளவு, இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆனால் இங்கே அகத்தியர் ஏறும் ஆகக் கூடிய உயரம் 29 பாகை, சிரியஸ் 65 பாகை. காற்று இன்னொரு கிளிக்கைப் பிடுங்கிவிடும். கச்சான் காற்று வீசி உள்நாட்டுத் தூசியைக் கொண்டுவரும் மாதங்களில் தாழ நிற்கும் எந்த நட்சத்திரத்துக்கும் இது இன்னும் மோசமாகும்.

ஆகவே முதல் விதி: ஒப்பிடுவதானால் ஒரே உயரத்தில் உள்ளவற்றை ஒப்பிடு. நட்சத்திரம் பார்க்கும் பழக்கத்தில் இதைவிட முக்கியமான விதி எனக்குத் தெரியாது.

ஊர் வெளிச்சம் நட்சத்திரத்தை மங்கச் செய்வதில்லை, பின்னால் உள்ள வானத்தை வெளுக்கச் செய்கிறது. அதை அளக்க ஒரு சுகமான வழி கார்த்திகைக் கூட்டம். அதில் மிகப் பிரகாசமானது 2.9. அடுத்தடுத்து 3.6, 3.7, 3.9, 4.2, 4.3 என்று இறங்கும். ஆறும் எண்ண முடிந்தால் உங்கள் வானம் 4.3 வரைக்கும் காட்டுகிறது. ஏழாவதைப் பிடித்தால் 5ஐ எட்டிவிட்டீர்கள். கடற்படைத் துறைமுகம், மாவு ஆலை, கடலில் மீன்பிடி வள்ளங்களின் லைட் எல்லாம் சேர்ந்து என் வீட்டு மேல்தட்டில் நாலு கிடைத்தாலே சந்தோஷம். 2022 பங்குனியில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் நின்றதே, அப்போது எண்ணியிருக்கவேண்டும் நீங்கள். ஸ்டூடியோவில் ஒரு வேலையும் ஓடவில்லை, ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை. வானத்தைத் தவிர வேறு ஒன்றும் வேலை செய்யாத மாதம் அது.

இப்போது கண்ணால் ஒரு நட்சத்திரத்துக்கு எண் போடும் முறை. இதற்கு நான் சிபாரிசு செய்வது திருவாதிரை. காரணம் இரண்டு. ஒன்று, அது உண்மையிலேயே மாறும் நட்சத்திரம். மற்றது, எங்கள் ஊருக்கு அது உச்சந்தலை நட்சத்திரம். திருகோணமலையில் அது உச்சியிலிருந்து ஒரு பாகை அளவுதான் விலகிக் கடக்கும். பெப்ரவரி நடுவில் இரவு எட்டே காலுக்குக் கிட்ட மேல்தட்டில் பாயைப் போட்டு மல்லாந்து படுத்தால் நேரே மேலே. காற்றுத் தடிப்பு ஆகக் குறைவு. ஒப்பிட வேண்டிய அயலவர்களும் சுற்றி உயரத்திலேயே இருக்கிறார்கள்: திருவாதிரை ஒரு தோளாக நிற்கும் ஓரியன் மண்டலத்தின் காலில் உள்ள ரைஜல் 0.1, புரொசியோன் 0.3, ரோகிணி 0.9, புனர்பூசத்தில் பொலக்ஸ் 1.1, மற்றத் தோளில் உள்ள பெலாட்ரிக்ஸ் 1.6.

திருவாதிரையை விடக் கொஞ்சம் பிரகாசமான ஒன்றையும் கொஞ்சம் மங்கலான ஒன்றையும் தெரிவுசெய்யுங்கள். புரொசியோனும் ரோகிணியும் என்று வைப்போம். இரண்டுக்கும் இடையில் 0.6 வித்தியாசம். திருவாதிரை எதற்குக் கிட்ட? சரி பாதியா, மூன்றில் ஒன்றா? மூன்றில் ஒரு பங்கு இறங்கி நிற்கிறது என்று பட்டால் 0.3 உடன் 0.2 கூட்டி 0.5. அவ்வளவுதான். ஜேர்மனியில் வானியலாளர் ஆர்கெலாண்டர் 1840களில் அமெச்சூர்களைக் கூப்பிட்டு ஏறத்தாழ இதே முறையில்தான் வேலை செய்யச் சொன்னார். பழகிய கண் 0.1 வரைக்கும் பிடிக்கும், இன்றும் உலகம் பூராவும் ஆட்கள் இப்படிக் குறித்து அனுப்புகிறார்கள். அவற்றைச் சேர்த்து வைக்கும் அமெரிக்கச் சங்கம் 1911இல் தொடங்கியது.

ஒரு கண்ணி இருக்கிறது. திருவாதிரை சிவப்பு, புரொசியோன் வெள்ளை. சிவப்பு நட்சத்திரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது மெல்ல மெல்லப் பிரகாசமாகத் தோன்றும். வெள்ளை அப்படிச் செய்யாது. அதனால் முறைத்துப் பார்க்காமல் ஒரு பார்வை இங்கே, ஒரு பார்வை அங்கே என்று மாற்றி மாற்றிப் பார்த்து உடனே முடிவு சொல்லவேண்டும். நிறத்தில் கிட்ட வருவது ரோகிணிதான், அதனால் அதன் தீர்ப்புக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். வெளிச்சத்திலிருந்து வந்து இருபது நிமிடமாவது கண்ணை இருட்டில் விட்டிருக்கவும் வேண்டும். நடுவில் போனைப் பார்த்தால் திரும்ப முதலிலிருந்து.

2019 கடைசியில் திருவாதிரை மங்கத் தொடங்கியது. வழக்கமாக 0.5 அளவில் நிற்பது 2020 பெப்ரவரி நடுவில் 1.6க்குப் போனது. நாலரைக் கிளிக், வெளிச்சம் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. எங்களுக்கு அது வாடைக்கால மழை மாதங்கள், மேகம் விலகும் இரவுகளில் மட்டும்தான் பார்க்க முடிந்தது. மார்கழியில் ரோகிணிக்குக் கீழே இறங்கியிருந்தது. தை கடைசியில் இரண்டு தோளையும் பார்த்தால் பெலாட்ரிக்ஸும் அதுவும் ஒரே வெளிச்சம். அப்போது எல்லாரும் அது வெடிக்கப் போகிறது என்று எழுதினார்கள், என்னிடமும் கடையில் வந்து கேட்டார்கள். வெடிக்கவில்லை. அது கக்கிய வாயு தூசியாக உறைந்து முன்னால் மறைத்தது, மேற்பரப்பிலும் ஒரு பகுதி குளிர்ந்திருந்தது என்று பிறகு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். சித்திரைக்குள் வழக்கமான வெளிச்சத்துக்குத் திரும்பிவிட்டது. எனக்கு அதில் பிடித்தது வேறு. ஒரு கருவியும் இல்லாமல், பாயில் படுத்துக்கொண்டு, 0.9 எது 1.6 எது என்று தெரிந்திருந்தால் போதும், உலக வானியலாளர்கள் பார்த்துக்கொண்டிருந்த அதே இறக்கத்தை நீங்களும் பிடித்திருப்பீர்கள்.

கமராவால் செய்வதும் ஒப்பிடுதலே, கொஞ்சம் கூடுதல் நேர்மையோடு. கலியாணத்துக்குக் கொண்டுபோகும் அதே கமரா, 50 மில்லிமீற்றர் லென்ஸ், ட்ரைபொட். கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பாக எடுக்கவேண்டும், ஜேபெக் எண்களை அழகுபடுத்திப் பொய் சொல்லும். போகஸைக் கொஞ்சம் விலக்கி நட்சத்திரத்தைச் சின்ன வட்டமாக்கினால் ஒரே பிக்சலில் ஒளி நிறைந்து வழியாது. ஓர் இடம் வெள்ளையாக எரிந்துவிட்டால் அந்த எண் செத்தது, கலியாணப் பட்டுச் சேலையில் சரிகை எரிவதுபோல மீட்கவே முடியாது. பிறகு இலவச மென்பொருள் ஒன்றில் பச்சை நிறப் பிக்சல்களை மட்டும் எடுத்து, வட்டத்துக்குள் உள்ள மொத்த ஒளியைக் கூட்டி, பக்கத்தில் உள்ள வெறும் வானத்தின் ஒளியைக் கழிக்கவேண்டும். பச்சை ஏனென்றால், ஜோன்சன், மோர்கன் என்ற வானியலாளர்கள் 1953இல் நிறவடிகளை, அதாவது ஒரு நிறப் பகுதியை மட்டும் உள்ளே விடும் பில்டர்களை, வைத்து வகுத்த முறையில் கண்ணின் பார்வைக்குக் கிட்ட உள்ள வடி பச்சையை ஒட்டியது. இரண்டு நட்சத்திரத்தின் எண்களையும் ஒன்றால் ஒன்றைப் பிரித்து, மடக்கை எடுத்து, 2.5 ஆல் பெருக்கினால் மக்னிடியூட் வித்தியாசம்.

வசிட்டரையும் அருந்ததியையும் இப்படித்தான் அளந்தேன். ஒரே சட்டத்துக்குள் இருவரும், ஒரே உயரம், ஒரே எக்ஸ்போஷர், நிறமும் அதிகம் வேறில்லை. இதைவிட வசதியான சோடி வானத்தில் கிடைக்காது. விகிதம் ஆறுக்குக் கிட்ட வந்தது. 6இன் மடக்கை 0.78, அதை 2.5 ஆல் பெருக்க 1.95. மருமகள் கணிப்பானைத் தட்டிவிட்டு, "அப்ப புத்தகம் சரிதான்" என்றாள், ஏதோ புத்தகத்தில்தான் சந்தேகம் இருந்த மாதிரி. ஒரு விசயம்: வசிட்டர் என்று நாம் பார்ப்பது தொலைகாட்டியில் இரண்டாகப் பிரியும். என் லென்ஸுக்கும் கண்ணுக்கும் அது ஒன்று, ஆகவே 2.0 என்பது அந்த இரண்டின் கூட்டு வெளிச்சம்.

இவ்வளவும் தோற்றம்தான். பக்கத்தில் உள்ள சின்ன விளக்கா, தூரத்தில் உள்ள பெரிய விளக்கா என்பதை இந்த எண்கள் சொல்லாது. அதற்காக எல்லா நட்சத்திரத்தையும் 32.6 ஒளியாண்டு தூரத்தில் கொண்டுபோய் வைத்தால் எப்படித் தெரியும் என்று கணக்கிடுவார்கள். சிரியஸ் 8.6 ஒளியாண்டில் இருக்கிறது, அந்தத் தூரத்துக்குத் தள்ளினால் 1.4 ஆகிவிடும். அகத்தியர் 300 ஒளியாண்டுக்கு அப்பால், கிட்டக் கொண்டுவந்தால் −5.5 அளவுக்குப் போவார், வெள்ளியையே தோற்கடிப்பார். நம் சூரியன்? 4.8. அருந்ததியைவிட மங்கல். உப்புவெளி ஹோட்டல் வெளிச்சத்துக்குள் தேடினாலும் கிடைக்காது.

தூரம் தெரியாதபோது என்ன செய்வது என்பதற்கு வழி காட்டியவர் ஹென்ரியேட்டா லீவிட். ஹார்வர்டில் கண்ணாடித் தட்டுப் படங்களில் நட்சத்திரப் புள்ளிகளை அளக்கும் வேலை அவருக்கு. கையில் ஒரு சிறு கண்ணாடித் துண்டு, அதில் எவ்வளவு வெளிச்சம் என்று ஏற்கெனவே தெரிந்த புள்ளிகள் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக. அதைப் பெரிய தட்டின்மேல் வைத்து நகர்த்தி, எந்தப் புள்ளியோடு பொருந்துகிறது என்று பார்ப்பார். எங்கள் டார்க் ரூம் கீலத்தின் சொந்தக்காரி என்றுதான் எனக்குத் தோன்றும். சின்ன மகெல்லன் முகில் என்ற தொலைதூர நட்சத்திரத் திரளில் உள்ள 25 மாறும் நட்சத்திரங்களை வைத்து 1912இல் அவர் காட்டியது: மெதுவாக மாறுபவை கூடப் பிரகாசம், வேகமாக மாறுபவை குறைவு. அவர் கெட்டித்தனம் எங்கே என்றால், அவை எல்லாம் ஒரே முகிலுக்குள், நமக்கு ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பவை. தோற்ற வித்தியாசமே உண்மை வித்தியாசம். ஒரே உயரத்தில் உள்ளதை ஒப்பிடு என்ற விதியின் பெரிய வடிவம். மாறும் வேகத்திலிருந்து உண்மை வெளிச்சத்தையும் அதிலிருந்து தூரத்தையும் கணக்கிடும் லீவிட்டின் வழியைப் பிடித்துக்கொண்டுதான் வானியலாளர் ஹபிள் பிறகு அந்திரோமேடா என்ற ஒளிப்படலம் நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி நட்சத்திரத் திரள் என்று காட்டினார். சின்ன மகெல்லன் முகில் எங்களுக்குத் தெற்கே எட்டரைப் பாகை உயரம் மட்டும் ஏறும், வடக்கே துருவ நட்சத்திரம் நிற்கும் அதே உயரம். இங்கிருந்து நான் இன்னும் அதைப் பார்த்ததில்லை.

லீவிட்டுக்குக் காது சரியாகக் கேட்காது. அவருக்கு நூறு வருடத்துக்கும் மேல் முன்னால், 1783இல், இங்கிலாந்தின் யோர்க் நகரத்தில் அல்கோல் என்ற நட்சத்திரம் ஒழுங்கு தவறாமல் மங்குவதற்குக் கிரகணம் மாதிரி ஏதோ காரணம் இருக்கலாம் என்று சொன்ன ஜோன் குட்ரிக்கும் காது கேளாதவர். 21 வயதில் இறந்துபோனார். அவரிடம் இருந்ததும் பெரும்பாலும் கண்தான்.

கார்த்திகை முதல் மாசி வரை முன்னிரவில் அல்கோலை நீங்களும் பார்க்கலாம். கார்த்திகைக் கூட்டத்திலிருந்து வடமேற்காகக் கொஞ்சம் தள்ளி, பேர்சியஸ் மண்டலத்தில் இரண்டாவது பிரகாசமானது. வழக்கமாக 2.1. இரண்டு நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருதரம் 3.4க்கு இறங்கும், இறங்கவும் ஏறவும் சேர்த்துப் பத்து மணித்தியாலம் அளவு. சாதாரண நாளில் அந்திரோமேடா என்றே பெயருள்ள நட்சத்திர மண்டலத்தின் காலில் உள்ள 2.1 நட்சத்திரத்தோடு சமமாக நிற்கும். மங்கும் இரவில் பேர்சியஸிலேயே உள்ள 2.9, 3.0 நட்சத்திரங்களுக்கும் கீழே போய்விடும். எட்டு மணிக்கு ஒருதரம், பதினொன்றுக்கு ஒருதரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மங்கும் நேரங்களின் பட்டியல் இணையத்தில் கிடைக்கும். அவை பெரும்பாலும் யுனிவர்சல் நேரத்தில் இருக்கும், எங்கள் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்டவேண்டும்.